எச்சில் இலை போட ஒரு டாங்கிப் பள்ளம்

நேமம், திருவனந்தபுரம்
5-6-2004, சனிக்கிழமை, மழை

ராஜஸ்தான் மணற்காட்டைக் கரண்டி போட்டுப் புரட்டிவரும் ராணுவ எஞ்சினியர் படையின் நாயக் ஜெயன் அவர்களுக்கு, உன் தாயார் லீலாபாயோடு கூடப்பிறந்த ஒரே ஆண்பிள்ளையும், இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் மானம் மிச்சமிருந்த கடைசி மனிதனுமாகிய தாய்மாமன் தங்கையன் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே. உன் சுகத்தை அறிய மிகவும் ஆசைப்படுகிறேன். நீ சுகமாக இருந்தால்தான் இந்தக் கடிதம் முழுவதையும் நின்று வாங்கிக்கொள்ள உடம்பில் திராணி இருக்கும். பட்டாளத்தில் தபாலைப் பிரித்துப் பார்க்கும் ஆபீசர் யாராவது இருந்தால் அவருக்கும் என் சலாம். ஐயா, தமிழ் தெரிந்தால் நீங்களே படியுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு, இந்தப் பயலை அட்டென்ஷனில் நிறுத்தி, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏலே ஜெயா, நான் கேட்டது என்ன? நினைவிருக்கிறதா, இல்லை அதையும் தோண்டி வெளியே வீசிவிட்டாயா? வருகிற பதினேழாம் தேதி வியாழக்கிழமை என் ஒரே மகள் ஷாலுவுக்குக் கல்யாணம். சபைக் கோயிலில் தாலி கட்டி வீட்டுக்கு வந்தால் அறுநூறு பேர் பந்தியில் உட்காருவார்கள். அறுநூறு எச்சில் இலையைத் தெருவில் போட்டால் நேமத்து நாய்கள் அத்தனையும் எனக்குச் சம்பந்தி ஆகிவிடும். ஆகையால் வீட்டுக்குப் பின்னால், மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்கு அந்தப்பக்கம், இலைக்குழி ஒன்று வேண்டும். நாலடி நீளம், நாலடி அகலம், ஆழம் என் இடுப்பளவு. இவ்வளவுதான். அதையும் உன்னிடம் கேட்கவில்லையே! மம்மட்டிக்காரனை வரச்சொல்லியிருக்கிறேன் என்று உன் மாமி எலிசாளிடம்தான் சொன்னேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நீ கிண்ணத்தைக் கீழே வைத்து, “மம்மட்டியா? நான் இங்க இருக்கும்பம் மம்மட்டியா? மாமா, பார்டர்ல கேட்டா சிரிப்பாவ” என்றாய். அங்கே தொடங்கியது என் நாசம்.

என் பேரிலும் தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மாத லீவில் நீ வேறு பேச்சா பேசினாய்? ஒரு வண்டியாம், முன்னால் வீட்டுக் கதவைவிடப் பெரிய இரும்புப் பலகை, பின்னால் யானைத் துதிக்கைபோல ஒரு கை, அதன் நுனியில் பல்லுள்ள வாளி; இன்னொரு வண்டி இருக்கிறதாம், சக்கரத்தில் வாளிகளைக் கட்டிச் சுழற்றிக்கொண்டே ஓடுமாம், அது போன வழியில் பதுங்குகுழி ஆள் ஆழத்துக்கு விழுந்துகொண்டே வருமாம், சிப்பாய்கள் பின்னாலேயே இறங்கி நின்று துப்பாக்கியை நீட்ட வேண்டியதுதானாம். இரண்டாயிரத்து இரண்டில் எல்லையில் நீங்கள் தோண்டிய தோண்டலை நீ சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்தேன். பிளந்த வாயை மூடினேனா? டீக்கடைக்குப் போய், என் மருமகன் காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதற்குள் நெய்யாறு அணையளவு தோண்டுவான், பாகிஸ்தான்காரன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான் என்று சொன்னேன். அந்தப் பாவத்துக்கு எனக்குத் தண்டனை வேண்டியதுதான். அதற்காக இவ்வளவா?

இருபத்தேழாம் தேதி நடந்ததை நீ உன் ஆபீசரிடம் எப்படிச் சொல்லியிருப்பாய் என்று தெரியாது; நான் சொல்கிறேன். நம் தெருமுக்கில் ரோடு அகலப்படுத்த நின்ற ஜேசிபி வண்டியை ஓட்டுகிறவன் சங்கரன்கோவில் பக்கத்து வேல்சாமி. அவன் கையில் நீ மிலிட்டரி கேன்டீன் ரம் ஒரு பாட்டிலைக் கொடுத்தாய். இந்த ஊரில் தாசில்தார் கையெழுத்துக்கு நடக்காதது அந்தப் பாட்டிலுக்கு நடக்கும். வேல்சாமி சாவியைக் கொடுத்துவிட்டுப் பலாமரத்தடியில் படுத்தான். நீ வண்டியில் ஏறினாய். நான் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கடுதாசி வாங்கப் போயிருந்தேன். போய், வரிசையில் நின்று, ஆள் இல்லை என்று தெரிந்து, திரும்பி வந்தேன். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். வந்து பார்த்தால் என் வீட்டுக்குப் பின்பக்கம் இல்லை. முப்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஆழத்தைப் பார்க்க நான் குனிந்தபோது மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் இன்னும் கேட்கவில்லை. எலிசாளின் நாற்பது மூடு மரச்சீனி வேரோடு போயிற்று. துணிக்கொடி போயிற்று. கக்கூசுக் குழாய் திடீரென்று வானத்தைப் பார்த்து நின்றது. கண்ணை விழித்த வேல்சாமி, “அண்ணே, நான் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கதுக்குள்ள ஒரு ஊரையே தூக்கிட்டாருண்ணே” என்று சொல்லிவிட்டு, வண்டியையும் மிச்ச பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

நீயோ சிரிக்கிறாய்! நெற்றியில் செம்மண், வாயில் சிரிப்பு. “மாமா, இருபத்திரெண்டு நிமிஷம். கை பழகல்ல, இல்லெங்கி பதினெட்டு” என்றாய். இது என்னலே என்று கேட்டேன். டாங்கிப் பள்ளம் என்றாய். பின்பக்கம் சரிவு வெட்டியிருக்கிறதாம், டாங்கி அந்த வழியாக உள்ளே இறங்குமாம், உடம்பு முழுக்க மண்ணுக்குள் இருக்குமாம், தலை மட்டும் வெளியே தெரியுமாம். அதற்கு ஹல் டவுன் என்று பெயராம். எடுத்த மண்ணை எதிரி இருக்கும் பக்கமாகக் குவித்து, அதன் நடுவில் பீரங்கிக் குழல் நீட்ட ஒரு இடைவெளி விட்டு, மேலே தென்னையோலையும் மரச்சீனிக் கம்பும் போட்டு மறைத்திருந்தாய். அந்த இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேனே, நீ சொன்ன பதில் நினைவிருக்கிறதா? “மேடு எங்க இருக்கோ அங்க இருந்துதான் எதிரி வருவான், மாமா. அது பாடம்.”

மேட்டில் இருப்பது யார்? மாப்பிள்ளை ஜினுவின் தாய்மாமனும், இந்தச் சம்பந்தத்தைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்தவரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், பெருந்தன்மையில் பொன்முடி மலையும், பொறுமையில் அதன் பக்கத்து மலையுமாகிய மதிப்புக்குரிய ஞானையன் சார் அவர்கள். அவர் வராந்தாவும், அதில் அவர் சாயும் நாற்காலியும்.

மறுநாள் நீ சிப்ஸ் பொட்டலத்தோடு ரயிலேறிவிட்டாய். நான் குழியோடு நின்றேன். உன் சேக்காளி பஞ்சாயத்து மெம்பர் குடையோடு வந்து பார்த்து, “தங்கையன் சேட்டா, இது குளமாணெங்கில் எழுதித் தந்நா மதி, மீன்குஞ்சு ஃப்ரீயா கிட்டும்” என்றார்; குளம் என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம், மீன்குஞ்சு இலவசமாம். வில்லேஜ் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, எடுத்த மண்ணை எங்கே விற்றாய் என்று கேட்டார். விற்கவில்லை ஐயா, எதிரிப் பக்கம் குவித்திருக்கிறோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மகாராஜா காலத்துத் தங்கம் கிடைத்ததாக வித்துராவில் பேச்சாம். போனக்காட்டு எஸ்டேட்டிலிருந்து இரண்டு ஜீப்பில் ஆள் வந்து, கரையில் நின்று சோறு தின்றுவிட்டுப் போனார்கள். பொன்முடி உச்சியில் நின்றால் இந்தப் பள்ளம் ஒரு பொட்டுபோலத் தெரிகிறது என்கிறார்கள். நிலாவில் நின்று பார்த்தவன் யாரும் இதுவரை கடிதம் போடவில்லை, அதுதான் குறை. மூடலாம் என்று மம்மட்டிக்காரர் ஆறு பேரைக் கூப்பிட்டேன். ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து போவதுபோலப் போனார்கள். வேல்சாமியின் வண்டியோ வித்துரா ரோட்டு வேலைக்குப் போய்விட்டது. அதற்குள் மழை பிடித்தது. பிடித்தது, பிடித்தது, விடவே இல்லை.

மார்த்தாண்டத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஞானையன் சார் திங்கட்கிழமை வந்தார். வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்தார். பேப்பரைத் தாழ்த்தினார். ஓலைக்கு நடுவே ஒரு கறுத்த சந்து தன் நெஞ்சையே பார்ப்பதைக் கண்டார். முப்பத்திரண்டு வருடம் சரித்திரப் பாடம் நடத்திய மனிதரை இலைக்குழி என்று ஏமாற்ற முடியுமா? செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொட்டுகிற மழையில், குடையும் வெள்ளை வேட்டியுமாக, நியாயம் கேட்க இறங்கி வந்தார். அவர் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்த வழிதான் நீ டாங்கிக்கு வெட்டிய சரிவு. நாற்பது டன் இறங்க வெட்டியது. எழுபது கிலோவை நிறுத்துமா? சார் இறங்கினார். துறைமுகத்தில் புதுக்கப்பலைக் கடலுக்கு விடுவார்களே, அந்தக் கம்பீரத்தோடு இறங்கினார். குடை கையை விட்டுப் போகவில்லை. நான் கையைக் கொடுக்க ஓடினேன். எனக்கு முன்னால் என் கால் போய்ச் சேர்ந்தது. நெஞ்சளவு செம்மண் தண்ணீரில் இரண்டு பேரும் நின்றோம். ரோட்டில் போனவர்களுக்கு மண்மேட்டுக்கு மேலே இரண்டு தலை மட்டும் தெரிந்ததாம். நீ வெட்டிய பள்ளம் சரியான அளவுதான், பாவி!

“ஓய் தங்கையன், இது என்ன மரியாதவே?” என்றார் சார்.

“எலக்குழி சார்.”

“எலக்குழியா? எலைக்கு எதுக்குவே சரிவு? எல என்ன நடந்தா எறங்கும்?”

“பயலுக்கு வேற மாடல் தெரியாது சார். பட்டாளத்துல இதுதான் படிச்சுக் குடுத்தது.”

“அந்த மண்ணுக்கு நடுவுல சந்து விட்டிருக்கானே, அது எதுக்கு?”

“காத்து வரட்டும்னு…”

“அதுவழி பாத்தா எனக்க நாற்காலி தெரியுது வேய். வேற ஒண்ணுமே தெரியல்ல. முற்றம் தெரியல்ல, கெணறு தெரியல்ல. நாற்காலி மட்டும் தெரியுது. சம்பந்தம் பேசுன வீட்டுக்கு நேரே பீரங்கி வைக்கிற ஆளு நீரு!”

“சார், பீரங்கி எங்க கெடக்கு? இனியும் வாங்கல்லியே!”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நெஞ்சளவு தண்ணீரில் நிற்பவனுக்கு நிதானம் இடுப்பளவுதான் இருக்கும். சாரின் முகம் மண்ணைவிடச் சிவந்தது. கரையில் எலிசாள் வந்து நின்றாள். கயிறு போடுவாள் என்று பார்த்தால், “ரெண்டு பேரும் அங்கனயே கெடங்கோ. எனக்க நாப்பது மூடு மரச்சீனிய தின்ன குழியில்லியா, இன்னும் ரெண்டு கெழவன்மாரத் தின்னட்டு” என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டாள். கடைசியில் கல்யாண அட்டை கொண்டுவந்த ஜினுதான் இரண்டு பேரையும் தேங்காய்நார்க் கயிறு போட்டு இழுத்தான். மாப்பிள்ளையாகப் போகிறவன் தன் மாமனையும் மாமனாரையும் ஒரே கயிற்றில் இழுத்த காட்சி இந்த ஜில்லாவில் முன்பு நடந்ததில்லை.

கரையேறிய சார், வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கெழம மூணாமத்த ஓல. ஐயர் ஆட்சேபணை உண்டான்னு கேப்பாரு. நான் எழும்புவேன் வேய்.”

ஏலே, உனக்கு ஓலை வாசிப்பு தெரியாததல்ல. மூன்று ஞாயிறு பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் நம் சபைப் பாதிரி ஐயர் கோயிலில் வாசித்து, தடை உள்ளவர் சொல்லலாம் என்று கேட்பார். நான் பிறந்த நாளிலிருந்து யாரும் எழும்பிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன் எழும்பினால் கமிட்டி கூடும், விசாரணை வைக்கும், ஐயர் மேலிடத்துக்கு எழுதுவார், அங்கிருந்து பதில் நடந்து வரும். ஜூலை மூன்றாம் தேதி ஜினு ஷார்ஜாவுக்குப் பிளேன் ஏற வேண்டும். ஏறினால் மறு லீவு இரண்டு வருடம் கழித்து. இதெல்லாம் ஷாலுவின் காதில் விழுந்தது. புதன்கிழமை கல்யாணச் சேலையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். “அப்பா, இனி இது மேல வராதுல்லியா?” என்றாள். பிறகு வெந்நீரையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு சாரின் முட்டுக்கு ஒத்தடம் கொடுக்க மேட்டுக்குப் போனாள். பத்தாம் கிளாஸ் சரித்திரம் அவளுக்கு அவர்தான் அந்த வராந்தாவில் இருத்திச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சொல்லுலே! உன் பாடத்தில் இதற்கு ஏதாவது அளவு இருக்கிறதா?

மூடனே! முழு மூடனே! செம்மண் தலையனே! மண்ணைக் கண்டால் வாய் ஊறும் மண்வெட்டிப் பிறவியே! மாமன் வீடு எது, போர்க்களம் எது என்று தெரியாத உன்னை நம்பி இந்தத் தேசம் கண்ணை மூடித் தூங்குகிறது. கடிதம் கிடைத்தவுடன் ஞானையன் சார் அவர்கள் காலில் விழுந்ததாகப் பாவித்து மன்னிப்புக் கடிதம் எழுது. லீவு போட்டு வந்து பள்ளத்தை மூடு. வண்டியால் அல்ல, கையால். மறு உத்தரவு வரும்வரை மாமா என்று என்னைக் கூப்பிடாதே.

உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும், அவற்றோடு ஒரு கைப்பிடி புத்தியும் சேர்த்து அருள ஆண்டவரை வேண்டுகிறேன். உன் மாமி விசாரித்ததாகச் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சேர்க்கிறேன்.

இப்படிக்கு, மனம் நொந்த
தங்கையன்

பின்குறிப்பு: மக்களே ஜெயா, சார் வீட்டுக்குப் போய்விட்டார். மேலே எழுதியதெல்லாம் அவருக்காக. பட்டாளக்காரனை நாலு கேள்வி கேட்டுக் காகிதம் எழுதும், நான் கேட்கிறேன், மனசு ஆறினால் நாளைக்கு எழும்பமாட்டேன் என்று சொல்லியிருந்தார். மத்தியானம் வந்து, கட்டன் சாயா குடித்துக்கொண்டே முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் ‘மூடனே’ என்று ஒருமுறைதான் எழுதியிருந்தேன். ‘முழு’ சார் சேர்த்தது. பொன்முடி மலை வந்த இடத்தில் கண்ணை மூடி ரசித்தார். உண்மை என்னவென்றால் அவர் கப்பல்போல இறங்கவில்லை. பழுத்த பலா ஓட்டில் உருண்டதுபோல வந்தார், அதை நினைத்து நான் ராத்திரி தலையணையைக் கடித்துச் சிரிக்கிறேன். முப்பது வருடம் அந்த நாற்காலியில் சாய்ந்து என் வீட்டுக்கு யார் வருகிறார், கையில் என்ன பொட்டலம் என்று கணக்கெடுத்த மனிதர். செவ்வாய்க்கிழமை முதல் நாற்காலியைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்! இந்த ஒன்றுக்கே உனக்குப் பதக்கம் தர வேண்டும். பள்ளத்தை மூடாதே, மெம்பரிடம் மீன்குஞ்சுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இலைக்கு வேறு குழி மம்மட்டியால் தோண்டிக்கொள்கிறேன். மன்னிப்புக் கடிதம் மட்டும் ஒப்புக்கு ஒன்று போடு. நாளை அவர் வாயைத் திறக்காமல் இருக்க ஜெபம் பண்ணு. அந்தப் பயம் மட்டும் சத்தியமான பயம். கவரைத் தானே தபாலில் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், மகராசன். ஒட்டிக் கொடுக்கிறேன்.

(கீழே வேறு கையெழுத்தில்)

6-6-2004, ஞாயிறு

ஜெயனுக்கு ஞானையன் எழுதுவது. மழையில் பசை பிடிக்காமல் கவர் வாயைத் திறந்திருந்தது. முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்திய கை, கண்டதை வாசிக்காமல் விடாது. பின்குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். இன்று காலை கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். மூன்றாவது ஓலை வாசித்து ஐயர் கேட்டார். எழும்பினேன். உன் மாமா பெஞ்சுக்கு அடியில் போக இடம் தேடினார். ஜினு தரையைப் பார்த்தான். பெண்கள் பக்கத்திலிருந்து, என் முட்டுக்கு ஒத்தடம் கொடுத்த ஷாலு திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாகிவிட்டது, ஏதாவது சொல்ல வேண்டுமே. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குளிரில் எல்லாரும் முந்தானையையும் துண்டையும் போர்த்தியிருந்தார்கள். இந்தப் பக்கத்து ஃபேன் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.